கார் சப்ஊஃபரும் ஆம்பும் ஒத்துப்போகவில்லையா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

ஊஃபரையும் ஆம்ப்ளிஃபையரையும் தனித்தனியாக வாங்கி டிக்கியில் பூட்டியவர்களுக்கு முதல் வாரம் குஷியாகப் போகும். அப்புறம் தொல்லை ஆரம்பிக்கும். சத்தத்தை ஏற்றினால் பாட்டு நின்றுவிடும், ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட் மங்கும், இல்லாவிட்டால் காருக்குள் கருகல் வாடை வரும். கடைக்குக் கொண்டுபோனால் கெயின் திருகை ஏற்றியோ இறக்கியோ அனுப்பிவிடுவார்கள். நாலு நாளில் திரும்பவும் அதே கதை.

இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை பொருள் பழசாகி வருபவை அல்ல. ஓமும் வாட்டும் பொருந்தாமல் வாங்கியபோதே கூட வந்தவை. அதனால் எந்தத் திருகையும் தொடுவதற்கு முன் ஊஃபரின் ஓமைப் பாருங்கள். அடுத்து ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய அல்லது தாங்கக்கூடிய உண்மையான வாட். அதற்கடுத்து வயர். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கடைசிவரை பார்க்காமல் விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஸ்குரூ டிரைவர், சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் செல் ஒன்று இருந்தால் போதும்.

தொடங்கும் முன்: ஊஃபரை அளந்துகொள்ளுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை இதுதான். ஆம்பிலிருந்து ஊஃபர் வயர் இரண்டையும் கழற்றி, மீட்டரை 200 ஓம் நிலையில் வைத்து, அந்த வயர் முனைகளில் அளக்கவும். அதற்கு முன் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துப் பாருங்கள். 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும். அதை விடையிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு சின்ன எண்களை அளக்கும்போது அந்த 0.4 பெரிய வித்தியாசம்.

மீட்டர் காட்டுவது டிசி மின்தடை. ஊஃபரின் முதுகில் எழுதியிருக்கும் இம்பெடன்ஸைவிட (பாட்டின் ஏசி சிக்னலுக்கு அது காட்டும் தடை) கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். 4 ஓம் காயில் (ஊஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், வாய்ஸ் காயில்) என்றால் ஏறக்குறைய 3.2 முதல் 3.8 வரை வரும். 2 ஓம் காயில் 1.6 முதல் 1.9 வரை. கிட்டத்தட்ட பூஜ்யம் வந்தால் எங்கோ ஷார்ட். மீட்டர் அசையவே இல்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

அளந்த கையோடு கோனை (ஊஃபரின் முகப்பில் அசையும் கூம்பு) இரண்டு பக்கமும் விரல் வைத்து ஒரே சீராக மெல்ல அமுக்கி விடுங்கள். சத்தமில்லாமல் போய்வர வேண்டும். உள்ளே ‘கர கர’ என்று உரசினால் வாய்ஸ் காயில் சூட்டில் உருக்குலைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஊஃபருக்கு எந்த ஆம்பும் பொருந்தாது.

வந்த ஓமை எழுதி வைத்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: ஆம்பில் லைட்டே எரியவில்லை

இது சுலபம். ஆம்பில் பேட்டரி பிளஸ், எர்த், ரிமோட் (ஸ்டீரியோவோடு சேர்த்து ஆம்பை ஆன் செய்யும் லைன்) என்று மூன்று முனைகள் இருக்கும். பிளஸுக்கும் எர்த்துக்கும் இடையே 12.6 வோல்ட் அளவில் வர வேண்டும்; இன்ஜின் ஓடினால் 13.8 முதல் 14.4 வரை. வரவில்லை என்றால் பேட்டரி பக்கத்து ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தால் எர்த் போல்ட்டைப் பாருங்கள். இரண்டும் சரி என்றால் ரிமோட் முனையில் ஸ்டீரியோ ஆன் செய்ததும் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பெனி ஸ்டீரியோவை வைத்துக்கொண்டு ஆம்ப் பூட்டியவர்களுக்கு இங்கேதான் சிக்கல் வரும். அந்த ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் ரிமோட் வயரே இருக்காது. சாவி போட்டதும் உயிர் பெறும் ஒரு ஃபியூஸிலிருந்து லைன் எடுப்பது ஒரு வழி. ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னலைப் பெற்றுத் தானாக ஆன் ஆகும் ஆம்பாகப் பார்த்து வாங்குவது இன்னொரு வழி. வயரிங்கை அறுக்காமல் கப்ளரிலேயே வேலை முடியும் என்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

அறிகுறி: சத்தம் ஏற்றியதும் சிவப்பு லைட், பாட்டு நிற்கிறது

ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ‘புரொடெக்ட்’ நிலைக்குப் போகிறது. அது எப்போது போகிறது என்பதை வைத்துக் காரணத்தைப் பிரித்துவிடலாம்.

ஆன் செய்த நொடியே சிவப்பு என்றால் ஊஃபர் வயரையும் ஆர்சிஏ வயரையும் (ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் வரும் வயர்) கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். அப்போதும் சிவப்பு என்றால் ஆம்ப் உள்ளே போய்விட்டது, சர்வீஸுக்குத்தான். பச்சைக்கு வந்துவிட்டால் ஆம்ப் நன்றாக இருக்கிறது, வயரில்தான் ஷார்ட். சீட் தண்டவாளத்துக்கு அடியில் நசுங்கிய வயர், பாக்ஸின் டெர்மினலில் ஒன்றையொன்று தொடும் இழைகள் என்று தேடவும்.

பாட்டு கொஞ்ச நேரம் ஓடி, பேஸ் அழுத்தி அடிக்கும் இடத்தில் மட்டும் நின்றால் சந்தேகம் ஓம் மேல்தான். இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு ஆம்புக்கும் அது தாங்கக்கூடிய குறைந்தபட்ச ஓம் ஒன்று உண்டு. ஓம் குறையக் குறைய ஆம்பிலிருந்து போகும் கரண்ட் கூடும். பாதி ஓம் என்றால் இரண்டு மடங்கு கரண்ட். ஒரே ஆம்ப் 4 ஓமில் தருவதைவிட 2 ஓமில் அதிக வாட் தருவது இதனால்தான். 2 ஓம் வரை மட்டும் தாங்கும் ஆம்பில் 1 ஓம் மாட்டினால் சின்னச் சத்தத்தில் ஓடத்தான் செய்யும். ஏற்றும்போதுதான் விழும்.

இன்று கடையில் வைத்திருக்கும் 12 இன்ச் ஊஃபர்களில் நிறைய டூயல் வாய்ஸ் காயில் வகை. ஒரே ஊஃபரில் இரண்டு காயில், நான்கு டெர்மினல். பெட்டியில் ‘4 ஓம்’ என்று போட்டிருக்கும். அது ஒரு காயிலின் கணக்கு. இரண்டையும் பேரலலாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைக்கிறோமா, சீரிஸாக (ஒன்றின் மைனஸை மற்றதன் பிளஸோடு) இணைக்கிறோமா என்பதைப் பொறுத்து ஆம்புக்குத் தெரியும் ஓம் மாறும்:

இரண்டு 4 ஓம் காயில், ஒரு ஊஃபர்: பேரலலில் 2 ஓம், சீரிஸில் 8 ஓம்.
இரண்டு 2 ஓம் காயில், ஒரு ஊஃபர்: பேரலலில் 1 ஓம், சீரிஸில் 4 ஓம்.
இரட்டை 4 ஓம் ஊஃபர் இரண்டு: எல்லாம் பேரலலில் 1 ஓம், ஒவ்வொன்றையும் சீரிஸாக்கிப் பிறகு இரண்டையும் பேரலலாக்கினால் 4 ஓம்.
இரட்டை 2 ஓம் ஊஃபர் இரண்டு: எல்லாம் பேரலலில் 0.5 ஓம், ஒவ்வொன்றையும் சீரிஸாக்கி, இரண்டையும் பேரலலாக்கினால் 2 ஓம்.

கவனித்தீர்களா, இரட்டை 4 ஓம் ஊஃபர் ஒன்றை வைத்து 4 ஓம் கொண்டுவரவே முடியாது. இரட்டை 2 ஓம் ஊஃபர் ஒன்றை வைத்து 2 ஓம் கொண்டுவர முடியாது. ‘4 ஓம் ஊஃபர், 4 ஓம் ஆம்ப், பொருந்தும் சார்’ என்று கவுண்டரில் சொல்லி விற்பதில் பாதி விபத்து இங்கே நடக்கிறது. ஆம்பின் ஓமை முதலில் பார்த்து, அதற்கேற்ற காயில் உள்ள ஊஃபரைக் கேட்டு வாங்க வேண்டும். ஊஃபர் ஏற்கெனவே கையில் இருந்தால் அதை மேலே உள்ளபடி கணக்கிட்டு ஆம்பைத் தேட வேண்டும்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு பொறிகள். ஒன்று, மோனோ ஆம்பில் (ஒரே சேனல் உள்ள ஆம்ப்) ஸ்பீக்கர் டெர்மினல் இரண்டு ஜோடி இருப்பது. பார்த்தால் இரண்டு சேனல் மாதிரி இருக்கும். பெரும்பாலான மோனோ ஆம்ப்களில் அவை இரண்டும் உள்ளே ஒன்றாகத்தான் இணைந்திருக்கின்றன. வயர் போட வசதிக்காக வைத்தது. ஒவ்வொரு ஜோடியிலும் 2 ஓம் ஊஃபர் மாட்டினால் ஆம்புக்கு அது 1 ஓம்.

இரண்டு, பிரிட்ஜ், அதாவது ஆம்பின் இரண்டு சேனலை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவது. நம் ஊரில் செலவைக் குறைக்க ஒரே 4 சேனல் ஆம்பை வாங்கி, இரண்டு சேனலில் கதவு ஸ்பீக்கர், மற்ற இரண்டையும் பிரிட்ஜ் செய்து ஊஃபர் என்று ஓட்டுவது வழக்கம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிரிட்ஜ் செய்யும்போது ஒவ்வொரு சேனலும் ஊஃபரின் ஓமில் பாதியைத்தான் பார்க்கும். ‘2 ஓம் வரை தாங்கும்’ என்று எழுதிய ஆம்ப் பிரிட்ஜில் 4 ஓம் வரைதான் தாங்கும். அதில் 2 ஓம் ஊஃபரைப் பிரிட்ஜில் மாட்டினால் ஒவ்வொரு சேனலுக்கும் 1 ஓம். மழை நாளில் தப்பித்துவிடும், சித்திரை வெயிலில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்த வகை: இருபது நிமிடம், அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு நின்று, ஆறியதும் தானே மறுபடி ஓடுவது. இது சூடு. உடனே ஓமில் தவறு என்று முடிவு கட்ட வேண்டாம். ஆம்ப் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டுக்குள் புதைத்திருந்தாலோ, ஊஃபர் பாக்ஸுக்கும் டிக்கிச் சுவருக்கும் நடுவில் செருகியிருந்தாலோ காற்றே போகாது. ஃபின் (சூட்டை வெளியேற்றும் வரிவரியான தகடுகள்) இருக்கும் பக்கம் இரண்டு மூன்று விரல் இடமாவது வேண்டும். ஆம்பைத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். சூடு மேலே போக வழியில்லாமல் திரும்ப அதன் வயிற்றுக்கே வரும். ஆம்பின் சர்க்யூட் வகை கிளாஸ் ஏபி என்றால் பேட்டரியிலிருந்து இழுப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான் ஒலிக்குப் போகும், மிச்சம் சூடு. கிளாஸ் டி ஆம்பில் 75 முதல் 85 சதவீதம் வரை பயன்படும். ஊஃபருக்கு மட்டும் என்றால் இன்று கிளாஸ் டி தவிர வேறெதையும் வாங்கக் காரணம் இல்லை.

ஓமும் சரி, இடமும் சரி, ஆனாலும் பேஸ் அடியில் நிற்கிறது என்றால் ஆம்புக்கு வோல்ட் போதவில்லை. அது அடுத்த அறிகுறியோடு சேர்ந்தது.

அறிகுறி: ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட் மங்குகிறது

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 500 வாட் ஆர்எம்எஸ் தரும் கிளாஸ் டி ஆம்ப், 80 சதவீதத் திறன் என்றால் 625 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது 45 ஆம்பியர். பாட்டில் எப்போதும் முழு வாட் போவதில்லை. சராசரி இதைவிட ரொம்பக் குறைவு. ஆனால் அடி விழும் நொடியில் கேட்பது இதைத்தான். சின்ன பெட்ரோல் கார்களில் 35 ஆம்பியர்-மணி பேட்டரிதான் இருக்கும். ஏசி, ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதிலும் சிக்னலில் இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டரிடம் மிச்சம் அதிகம் இருக்காது.

ஆனாலும் உடனே ஆல்டர்னேட்டரைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் வயர். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 4 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும்) செம்பு வயரில் 45 ஆம்பியர் போனால் ஏறக்குறைய 0.2 வோல்ட் குறையும். 8 கேஜ் செம்பில் 0.45 வோல்ட்டுக்கு மேல். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் என்றால் இதைப்போல் ஒன்றரை மடங்கு. மலிவான வயரிங் கிட் பெரும்பாலும் இந்த ரகம்தான்; வெளியே தடிமனான ரப்பர், உள்ளே ஒல்லியான இழை, மேலே ‘4 கேஜ்’ என்று அச்சு. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம்.

வயரின் உறையைப் பிரித்துப் பார்க்காமலே இந்த வோல்ட் இழப்பை அளக்கவும் முடியும். இன்ஜினை ஓடவிட்டு, பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டு, ஒரு முறை பேட்டரி முனைகளிலும் இன்னொரு முறை ஆம்பின் முனைகளிலும் வோல்ட் பாருங்கள். பேட்டரியில் 13.8 நின்று ஆம்பில் 12.5-க்கு இறங்கினால் வயரோ எர்த்தோ தின்கிறது. பேட்டரியிலேயே 12.5-க்கு இறங்கினால்தான் ஆல்டர்னேட்டர், பேட்டரி பற்றிப் பேச வேண்டும்.

எர்த்தை மட்டும் தனியாகப் பார்க்க, பேட்டரி மைனஸிலிருந்து ஆம்பின் எர்த் முனைக்கு நீள வயர் ஒன்றால் மீட்டரைக் கட்டி, பாட்டு ஓடும்போது பாருங்கள். அரை வோல்ட் காட்டினால் அங்கே வேலை இருக்கிறது. எர்த் வயர் பிளஸ் வயரின் அதே தடிமனில், ஒன்றரை அடிக்குள், பெயின்ட்டைச் சுரண்டிய வெறும் இரும்பில் போல்ட் போட்டு நிற்க வேண்டும். டெயில் லைட் ஸ்குரூவில் சுற்றிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சீட் பெல்ட் போல்ட்டில் கட்டுபவர்களும் உண்டு. அதைக் கண்டால் உடனே கழற்றச் சொல்லுங்கள், அந்த போல்ட்டுக்கு வேறு வேலை இருக்கிறது.

லைட் மங்குவதற்கு மருந்து என்று டிஜிட்டல் டிஸ்பிளே வைத்த கெப்பாசிட்டர் ஒன்றை விற்பார்கள். நொடிக்கும் குறைவான சின்ன உச்சத்தை அது கொஞ்சம் மழுப்பும். வயரின் குறையையோ ஆல்டர்னேட்டரின் குறையையோ தீர்க்காது. அந்தக் காசுக்கு நல்ல செம்பு வயர் வாங்கலாம்.

ஃபியூஸ் விஷயத்தில் சமரசமே கூடாது. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் கட்டாயம். அது காப்பாற்றுவது வயரை. வயர் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் இருக்கத்தான் அது. அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸைப் போடுவது, அதைவிட மோசமாகச் செம்பு இழையைச் சுற்றுவது, இரண்டும் காரை எரிக்கும் வழி.

அறிகுறி: பசை எரிவது போன்ற வாடை

பாட்டை உடனே நிறுத்துங்கள். எரிவது வாய்ஸ் காயிலின் மேல்பூச்சும் பசையும். ஆறியபின் ஓமை அளந்து, கோனை அமுக்கி உரசல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் தப்பித்தீர்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் மறுபடி ஓட்டாதீர்கள்.

‘ஆம்ப் வாட் அதிகம், அதான் ஊஃபர் போச்சு’ என்பார்கள். ‘ஆம்ப் வாட் குறைவு, அதான் போச்சு’ என்றும் சொல்வார்கள். ஊஃபர் கருகுவது அதற்குள் போகும் வெப்பத்தால்; அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. சின்ன ஆம்பைச் சின்னதாகவே ஓட்டினால் ஊஃபருக்கு ஒரு ஆபத்தும் இல்லை. சத்தம் போதவில்லை என்று கெயினை முழுக்கத் திருகும்போதுதான் கதை மாறுகிறது. ஆம்பின் எல்லையைத் தாண்டியதும் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். முழுக்க வெட்டுப்பட்ட சதுர அலை, அதே உயரமுள்ள வளைவான அலையைப்போல் இரண்டு மடங்கு சக்தி கொண்டது. 250 வாட் ஆம்ப் இப்படி வெட்டுப்பட்டு ஓடினால் 300 வாட் ஊஃபரைக் கருக்கிவிட முடியும்.

பேஸ் பூஸ்ட் திருகு இதற்குக் கூட்டாளி. 45 ஹெர்ட்ஸில் 12 டெசிபல் பூஸ்ட் வைத்தால் அந்த இடத்தில் ஆம்பிடம் 16 மடங்கு வாட் கேட்கிறீர்கள் என்று பொருள். எந்த ஆம்பிடமும் அது இருக்காது. பூஜ்யத்தில் வைத்துவிட்டு அப்படி ஒரு திருகு இருப்பதையே மறந்துவிடலாம்.

கெயின் என்பது வால்யூம் இல்லை. ஸ்டீரியோ அனுப்பும் வோல்ட்டுக்கும் ஆம்பின் முழுச் சக்திக்கும் இணைப்புப் போடுவது அது. 0.2 வோல்ட் முதல் 6 வோல்ட் வரை என்று அதன் ஓரத்தில் எழுதியிருக்கும். 2 வோல்ட் வெளியீடு தரும் ஸ்டீரியோ என்றால் 2 வோல்ட்டை ஒட்டியே அது நிற்க வேண்டும்; 0.2 பக்கம் திருப்பினால் சீக்கிரமே வெட்டுப்படும். சரியாக வைக்க மல்டிமீட்டரே போதும்:

ஊஃபர் வயரைக் கழற்றிவிடவும். ஸ்டீரியோவில் ஈக்வலைசர், லவுட்னெஸ் எல்லாம் பூஜ்யம். ஆம்பில் பேஸ் பூஸ்ட் பூஜ்யம், லோ பாஸ் ஃபில்டர் (குறிப்பிட்ட ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை வெட்டும் திருகு) முழுக்க மேலே, கெயின் முழுக்கக் கீழே. 0 டெசிபல் அளவில் பதிவான 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் பென்டிரைவில் போட்டு, வால்யூமை முக்கால்வாசி வைத்து ஓட்டவும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடித்து, கெயினை மெல்ல ஏற்றவும். எவ்வளவு வர வேண்டும் என்பதற்கு வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 300 வாட், 4 ஓம் என்றால் 34.6 வோல்ட். 300 வாட், 2 ஓம் என்றால் 24.5. 500 வாட், 2 ஓம் என்றால் 31.6. 500 வாட், 1 ஓம் என்றால் 22.4. வாட்டாக ஆம்பின் ஆர்எம்எஸ், ஊஃபரின் ஆர்எம்எஸ் இரண்டில் எது குறைவோ அதை எடுக்கவும். வோல்ட் வந்ததும் நிறுத்தி, திருகின் மேல் ஒரு துளி நகப்பூச்சு வைத்துவிட்டால் வண்டியைக் கடன் கேட்கும் தம்பிகள் கையிலிருந்து தப்பும்.

50 ஹெர்ட்ஸையே எடுப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டு மின்சாரமும் அதே அலைவரிசை என்பதால் எவ்வளவு மலிவான மீட்டரும் அதைச் சரியாகக் காட்டும். ஒரு எச்சரிக்கை: கெயினை ஏற்றும்போது ஒரு கட்டத்துக்கு மேல் வோல்ட் தயங்கித் தயங்கி ஏறினால், குறித்த எண் வராவிட்டாலும் அங்கேயே நிறுத்திக் கொஞ்சம் இறக்குங்கள். அந்த ஆம்பில் எழுதிய வாட் அதற்குள் இல்லை.

அறிகுறி: பெட்டியில் 3000 வாட், காதில் ஒன்றும் இல்லை

அந்த 3000 எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஆம்பின் உடம்பிலேயே ஆதாரம் இருக்கிறது. அதன் ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு என்றால் 60 ஆம்பியர். 13.8-ஆல் பெருக்கினால் 828 வாட். இது உள்ளே போவது. கிளாஸ் டி என்றால் வெளியே வருவது 660 வாட் சுற்றி, கிளாஸ் ஏபி என்றால் 500-க்கும் குறைவு. 3000 வாட் வர வேண்டுமானால் அந்த ஃபியூஸ் எப்போதோ வெடித்திருக்கும். வாங்கும் முன்பே கடையில் நின்று போடக்கூடிய கணக்கு இது.

ஊஃபரிலும் இதே கூத்து. பெரிய எழுத்தில் 1300 வாட், உள்ளே தாளில் பொடி எழுத்தில் ஆர்எம்எஸ் அல்லது ‘நாமினல்’ 350 வாட். பொருத்த வேண்டியது 350-ஐ. ஆம்ப் பக்கம் ‘சிடிஏ-2006’ அல்லது பழைய பெயரான ‘சிஇஏ-2006’ முத்திரை இருந்தால் அந்த வாட்டை நம்பலாம். அந்த முறையில் 14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 சதவீதத்துக்கு மேல் சிதைவு இல்லாமல் வரும் வாட்டைத்தான் எழுத வேண்டும்.

ஸ்டீரியோவிலிருந்தே நேராக ஊஃபருக்கு வயர் போட்டுவிட்டுச் சத்தம் வரவில்லை என்பவர்களும் உண்டு. முகப்பில் ‘50 வாட் x 4’ என்று இருக்கும். 14.4 வோல்ட்டை வைத்து 4 ஓமில் வெட்டுப்படாமல் கணக்குப்படியே 26 வாட் தாண்ட முடியாது. நடைமுறையில் 20 சுற்றித்தான். வெளி ஆம்புக்குள் வோல்ட்டை உயர்த்தும் பகுதி தனியாக இருப்பதால்தான் அது நூற்றுக்கணக்கில் தருகிறது.

வாட் உண்மையாகவே இருந்தும் பேஸ் இல்லையென்றால் இன்னும் சில இடங்களைப் பார்க்க வேண்டும். இரட்டை 4 ஓம் ஊஃபரைச் சீரிஸில் 8 ஓமாக மாட்டியிருந்தால் ஆம்ப் 4 ஓமில் தருவதில் பாதிதான் வரும். ஒரு காயிலை மட்டும் மாட்டி மற்றதைச் சும்மா விட்டிருப்பதும் நடக்கும். அப்போது ஊஃபர் தாங்கும் வாட்டும் பாதியாகிவிடும்.

இரண்டு ஊஃபர் இருந்தும் ஒன்றைக் கழற்றினால் பேஸ் கூடுகிறது என்றால், ஒன்று பிளஸ்-மைனஸ் மாறி ஓடுகிறது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. வயரை ஆம்பிலிருந்து கழற்றி 1.5 வோல்ட் செல்லின் பிளஸை ஊஃபரின் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொடவைக்கவும். கோன் வெளியே வர வேண்டும். உள்ளே போனால் மாறியிருக்கிறது. டூயல் காயிலில் ஒவ்வொரு காயிலையும் தனித்தனியே இப்படிப் பாருங்கள். ஒரே ஊஃபரின் இரண்டு காயிலும் எதிரெதிரே மாட்டியிருந்தால் கோன் அசையவே அசையாது, சூடு மட்டும் ஏறும்.

கம்பெனி ஸ்டீரியோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று: குறைந்த வால்யூமில் பேஸ் நன்றாக இருந்து, ஏற்ற ஏற்றக் காணாமல் போனால் ஆம்ப் மேல் குற்றமில்லை. சின்ன கதவு ஸ்பீக்கர்களைக் காப்பாற்ற அந்த ஸ்டீரியோவே பேஸைக் குறைக்கிறது. கெயினை ஏற்றி இதை வெல்ல முடியாது. பேஸைத் திருப்பிச் சேர்க்கும் சிக்னல் பிராசசர் வேண்டும், அல்லது ஆர்சிஏ வெளியீடு உள்ள வேறு ஸ்டீரியோ.

அறிகுறி: ‘டப் டப்’ என்று மோதுகிற சத்தம்

காயில் அதன் பின்தகட்டில் போய் இடிக்கிறது. ஆர்எம்எஸ் பொருந்தியிருந்தாலும் இது வரும், ஏனென்றால் ஆர்எம்எஸ் என்பது சூட்டின் கணக்கு. கோன் எவ்வளவு தூரம் போகலாம் என்பது வேறு கணக்கு. போர்ட் (காற்று போய்வரும் துளை அல்லது குழாய்) வைத்த பாக்ஸில்தான் இது அதிகம். போர்ட் எந்த ஹெர்ட்ஸுக்கு அமைக்கப்பட்டதோ அந்த டியூனிங்குக்குக் கீழே காற்றின் பிடிமானம் போய்விடும், கோன் கட்டுக்கடங்காமல் ஆடும். 35 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்த பாக்ஸ் என்றால் ஆம்பின் சப்சானிக் ஃபில்டரை (குறிப்பிட்ட ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டுவது) 28-30 ஹெர்ட்ஸில் வைக்கவும். போர்ட் பாக்ஸ் வைத்திருப்பவர்கள் சப்சானிக் இல்லாத ஆம்பை வாங்கவே கூடாது என்பது என் கட்சி. மூடிய பாக்ஸுக்கு அது அவ்வளவு அவசியமில்லை.

அறிகுறி: ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் விசில்

இது பெரும்பாலும் ஊஃபரில் கேட்காது. 80 ஹெர்ட்ஸுக்கு மேல் ஃபில்டர் வெட்டிவிடுவதால் 4 சேனல் ஆம்பில் ஓடும் கதவு ஸ்பீக்கரில்தான் கேட்கும். ஆம்பில் ஆர்சிஏவைப் பிடுங்கிப் பாருங்கள். விசில் நின்றால் சிக்னல் வயரிலோ ஸ்டீரியோவின் எர்த்திலோ கோளாறு. நிற்காவிட்டால் ஆம்பின் எர்த். ஆர்சிஏவும் பவர் வயரும் ஒரே பக்கமாகக் கட்டி ஓடினால் பிரித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமுமாகக் கொண்டுபோங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் பேஸ் போதவில்லை. பெரிய ஆம்ப் வாங்கலாமா?

300 வாட் ஆம்பைக் கொடுத்து 400 வாட் வாங்கினால் கிடைப்பது 1.25 டெசிபல். பாட்டு ஓடும்போது அந்த வித்தியாசம் காதில் தெரிந்தால் ஆச்சரியம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். போதாததற்கு, தொடர்ந்து ஓடிச் சூடேறும்போது காயிலின் மின்தடை கூடிக்கொண்டே போகும். செம்பு ஒவ்வொரு 100 டிகிரிக்கும் ஏறக்குறைய 39 சதவீதம் கூடும். குளிர்ந்திருக்கும்போது 3.6 ஓம் காட்டிய காயில் அப்போது 5 ஓம். எழுதிய வாட்டே அதற்குள் போகாது.

ஆம்பை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஊஃபரின் ஆர்எம்எஸ்ஸுக்குச் சமமாகவோ கால் பங்கு கூடுதலாகவோ, நீங்கள் அளந்து எழுதி வைத்த அதே ஓமில் தரும் மோனோ கிளாஸ் டி ஆம்பை எடுங்கள். இரட்டை 4 ஓம், 300 வாட் ஆர்எம்எஸ் ஊஃபர் ஒன்று இருந்தால் 2 ஓமில் 300 முதல் 375 வாட் தரும் ஆம்ப். ‘1 ஓமில் 800 வாட்’ என்று பளபளக்கும் ஆம்பால் உங்களுக்குப் பயனில்லை. உங்கள் ஊஃபரில் 1 ஓம் வராது. 35 ஆம்பியர்-மணி பேட்டரி வைத்த சின்னக் காரில் 500 வாட் ஆர்எம்எஸ்ஸுக்கு மேல் போக நினைத்தால் ஆம்ப் விலையோடு வயர், பேட்டரி செலவையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

அதைச் செய்வதற்கு முன் பாக்ஸைக் கவனியுங்கள். ஊஃபர் தயாரிப்பாளர் சொல்லும் கன அளவுக்குப் பாக்ஸ் இருக்கிறதா, மூட்டுகளில் காற்றுக் கசிகிறதா, டெர்மினல் கப்பைச் சுற்றி சிலிகான் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹேட்ச்பேக் காரில் ஊஃபரைச் சீட்டைப் பார்க்க வைத்திருந்தால் பாக்ஸைத் திருப்பி டிக்கிக் கதவைப் பார்க்க வைத்து ஒரு பாட்டு கேளுங்கள். பல கார்களில் இது ஆம்பை மாற்றுவதைவிட அதிகம் கொடுக்கும். அதோடு ஸ்டீரியோவில் ஊஃபரின் ஃபேஸை (கோன் தள்ளும்-இழுக்கும் திசையைப் புரட்டும் அமைப்பு) 0-விலிருந்து 180-க்கு மாற்றி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எதில் அடி கனமாக விழுகிறதோ அதில் விட்டுவிடுங்கள்.